ரேவதி கையெழுத்திட்ட மாலை

சாத்தான்குளம் என்றதும் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற இரு பெயர்களோடு தலைமைக் காவலர் ரேவதியின் பெயரும் நினைவுக்கு வரும். துணிச்சலான பெண் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். சட்டம் படிக்கும் பெண்களோடு இந்த வழக்கைப் பேசும்போது, அந்தப் பாராட்டைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வேன். அவரிடம் வாக்குமூலம் வாங்கப்பட்ட விதத்தில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தை மீறிச் செல்பேசிக் கடையைத் திறந்துவைத்ததாகச் சொல்லி அப்பாவையும் மகனையும் காவலர்கள் பிடித்தார்கள். தேரிக்காட்டுப் பக்கத்து ஊரான சாத்தான்குளத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தாண்டி, கரிசல் பூமியான கோவில்பட்டியின் கிளைச் சிறையில் அடைத்தார்கள். இத்தனைக்கும் பக்கத்திலேயே வேறு சிறைகள் இருந்தன. 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி காலை அப்பாவும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அதனால் விசாரணை கோவில்பட்டி நீதித்துறை நடுவர் எம்.எஸ்.பாரதிதாசனிடம் வந்தது. காவல் மரணத்தை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்னும் 176(1அ) பிரிவு 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஜூன் 28 அன்று அவர் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கே போனார். அங்கே நடந்ததை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அவர் அனுப்பிய அறிக்கை சொல்கிறது. கேட்ட ஆவணங்களைத் தர இழுத்தடித்தார்கள். கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் அழிந்திருந்தன. நீதிமன்ற ஊழியர்களைக் காவலர்கள் படம்பிடித்தார்கள். ஒரு காவலர் நடுவரையே ஒருமையில் இழிவாகப் பேசினார். நடுவருக்கே இந்த மரியாதை என்றால், அதே நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இரவு முழுக்க இருவரையும் அடித்தார்கள், லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, அழித்துவிடக்கூடும், உடனே கைப்பற்றுங்கள் என்று ரேவதி சொன்னார். சொன்னவர், எழுதியதில் கையெழுத்திட மறுத்தார். பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொல்லி, நெடுநேரம் காத்திருந்த பிறகே கையெழுத்திட்டார்.

நம் நீதிமன்றப் பழக்கத்தில் தயங்கும் சாட்சி பலவீனமான சாட்சி. குறுக்கு விசாரணையில் முதல் அடி அங்கேதான் விழும்: 'அன்றைக்கு ஏன் கையெழுத்துப் போடவில்லை?' கோவில்பட்டி நடுவர் அந்தத் தயக்கத்தை மறைக்கவில்லை. சாட்சி அஞ்சினார், வெளியே நின்ற காவலர்கள் அச்சுறுத்தும் வகையில் நடந்துகொண்டார்கள் என்று சேர்த்தே எழுதினார். இந்த ஆவணத்தில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். பயம் எங்கிருந்து வந்தது என்பதும் பதிவில் ஏறிவிட்டதால், தயக்கத்தைப் பொய்யின் அடையாளமாகக் காட்டுவது அவ்வளவு எளிதாக இருக்காது.

மன அதிர்ச்சியை அறிந்து நடத்தும் சட்டப்பணி என்றால் பலரும் கனிவான குரலையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் நினைக்கிறார்கள். அவையும் வேண்டும்தான். ஆனால் ரேவதிக்கு ஆபத்து முடிந்துபோன ஒன்றல்ல. ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. 'மறுநாள் அவங்க எங்க டியூட்டிக்குப் போவாங்க, மேடம்?' என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான கேள்வி. நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வும் அதைத்தான் கவனித்தது. ரேவதிக்குப் பாதுகாப்புக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கும் வழிசெய்தது. காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது.

சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே நாடு முழுவதற்குமான சட்டமாக ஏற்றிருந்தது. காகிதத்தில் இருந்த அது ஒரு காவல் நிலைய வாசலில் என்ன வடிவம் எடுக்க வேண்டும் என்பதை அன்றைக்கு இருந்தவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வாச்சாத்திப் பெண்களுக்கு அந்த அளவு துணைகூட இல்லை. 1992இல் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தீர்ப்பு 2011இல் வந்தது. இடையில் எத்தனை பேர் முன்னால் அதையே திரும்பச் சொல்லியிருப்பார்கள்! மேல்முறையீட்டின்போது, 2023 மார்ச்சில், நீதிபதி பி.வேல்முருகன் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். அந்தப் பெண்களைத் தேடி நீதிமன்றம் மலையேறிச் செல்ல முப்பது வருடம் ஆகியிருந்தது.

ரேவதி பின்னர் மதுரை நீதிமன்றத்தில் நடந்த கொலை வழக்கிலும் சாட்சி சொன்னார்.