வேடந்தாங்கல்: சட்டத்துக்கு முன்னாடியே இருந்த ஒப்பந்தம்

இந்த எபிசோடை ஒரு அசிங்கத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். என்னோட அசிங்கம்தான்.

காலேஜ் மூணாவது வருஷம், ஜனவரி மாசம். நாலு பைக்ல எட்டு பேர் வேடந்தாங்கல் போனோம். பறவை பார்க்கணும்னு பெரிய ஆசையெல்லாம் இல்ல. சென்னையில இருந்து ஒரே நாள்ல போயிட்டு வரக்கூடிய ஒரு ரைடு, அவ்வளவுதான். ஏரிக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு டீக்கடை. வண்டியை நிறுத்தி, ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டைப் போட்டோம். ஒரு பெரியவர் எழுந்து வந்தார். திட்டல. "தம்பி, பாட்டை நிறுத்துங்கப்பா. மரத்துல குஞ்சு இருக்கு"ன்னார். நான் பெரிய புத்திசாலி மாதிரி, "சரணாலயம் அங்கதானே ஐயா ஆரம்பிக்குது? இது ரோடுதானே?"ன்னு கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "போர்டுதான் அங்க இருக்கு. காவல் இங்கயே ஆரம்பிச்சிடும்"னு சொல்லிட்டுப் போய் உட்கார்ந்துட்டார்.

அந்த ஒரு வரி புரியறதுக்கு எனக்கு ஏழெட்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கு எபிசோடே அதைப் பத்திதான்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். வேடந்தாங்கல் ஏரி செங்கல்பட்டு மாவட்டத்துல, மதுராந்தகத்துக்குப் பக்கத்துல இருக்கு. மொத்தமே சுமார் 30 ஹெக்டேர். அதாவது 75 ஏக்கருக்கும் கொஞ்சம் கம்மி. தண்ணிக்குள்ளயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிக்கும். மழைக்காலம் முடியும்போது அந்த மரங்கள் மேல கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் வந்து கூடு கட்டும். சீசன் நல்லா இருந்தா எண்ணிக்கை ஆயிரக்கணக்குல போகும். பேரைக் கவனிங்க. 'தாங்கல்'னா சின்ன ஏரி. வேடர்களோட தாங்கல். வேட்டைக்காரங்க பேரை வெச்சிருக்கிற ஊர்தான் இங்க பறவைகளுக்குக் காவல்.

இப்போ 1790களுக்குப் போவோம். ஆற்காடு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர்தான் அன்றைய செங்கல்பட்டுப் பகுதி. அங்கே கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். இந்தப் பேர் உங்களுக்கு வேற ஒரு கதையில தெரிஞ்சிருக்கும். மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கோயில் கதை. ராத்திரி முழுக்கப் பெருமழை, ஏரி உடையப் போகுது, கரையில ராமரும் லட்சுமணரும் வில்லோட காவல் நிக்கிறதைப் பார்த்த வெள்ளைக்கார துரைன்னு சொல்வாங்களே, அவரேதான். அந்தக் கதையை நம்புறதும் நம்பாததும் உங்க விருப்பம். ஆனா பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்க்கிறதுல ரொம்ப அக்கறை காட்டினவர்ங்கிறது வரலாறு. காரணம் எளிமையானது. ஏரி இல்லன்னா நெல் இல்ல, நெல் இல்லன்னா கம்பெனிக்கு வரி இல்ல.

அந்தக் காலத்துல கம்பெனிச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. ஊர்க்காரங்க கலெக்டர்கிட்ட போய் முறையிட்டாங்க. 'இந்த ஏரியில பறவைகளை யாரும் சுடக் கூடாது, அதைக் காக்கிற உரிமை எங்களுக்கு இருக்கு, எழுதிக் கொடுங்க'ன்னு கேட்டாங்க. பிளேஸ் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். கவுல்னா அரசாங்கம் கொடுக்கிற உறுதிப் பத்திரம். நிலக் குத்தகை மாதிரி விஷயங்களுக்குக் கொடுக்கிற அதே பத்திரத்தைத்தான் இங்க பறவைகளுக்காக வாங்கியிருக்காங்க.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கலெக்டர் வந்து 'பறவைகளைக் காப்பாத்துங்க'ன்னு ஊருக்குப் பாடம் எடுக்கல. ஊர் ஏற்கெனவே காப்பாத்திக்கிட்டு இருந்தது. அதிகாரத்துக்குப் புரியிற பாஷையில, அதாவது காகிதத்துல, அதைப் பதிவு பண்ணி வாங்கினாங்க. அவ்வளவுதான்.

இதுக்கு அப்புறம் நடந்ததை வரிசையா சொல்றேன். 1858ல செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட இருந்து இன்னொரு உத்தரவு. 1936ல அரசாங்கம் இதைச் சரணாலயமா அங்கீகரிச்சது. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ 1998ல ஏரியும் அதைச் சுத்தி 5 கிலோமீட்டர் ஆரமும் சரணாலயமா அறிவிக்கப்பட்டது. 2022ல ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: அமெரிக்காவின் முதல் தேசியப் பறவைச் சரணாலயமான ஃப்ளோரிடா பெலிக்கன் தீவு 1903ல அறிவிக்கப்பட்டது. அங்கேயும் கூழைக்கடாதான் கதாநாயகன். நம்ம ஊர்க்காரங்க அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே பத்திரம் கையில வெச்சிருந்தாங்க.

சரி, ஏன் காப்பாத்தினாங்க? 'அந்தக் காலத்து மக்கள் இயற்கையை நேசிச்சாங்க'ன்னு ஒரு வரியில முடிச்சா நல்லா இருக்கும். வாட்ஸ்அப்ல ஃபார்வர்டும் பண்ணலாம். ஆனா அது அந்த மக்களோட புத்தியைக் குறைச்சு மதிப்பிடுறது.

விஷயம் எச்சம். பறவைகள் பகல் முழுக்கச் சுத்துவட்டாரத்து ஏரி, குளம், வயல் எல்லாத்துலயும் மீனும் நத்தையும் பிடிச்சுத் தின்னுட்டு, வேடந்தாங்கல் மரத்துக்குத் திரும்பும். எச்சம் ஏரித் தண்ணியில விழும். அதுல நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கு. அந்தத் தண்ணிதான் மதகு வழியா நெல் வயலுக்குப் போகும். அதாவது பல ஊர் ஏரிகளோட சத்தை ஆயிரக்கணக்கான பறவைகள் செலவே இல்லாம ஒரே ஏரிக்குக் கொண்டுவந்து சேர்க்குது. உர மூட்டை வர்றதுக்கு முன்னாடி இது எவ்வளவு பெரிய சொத்துன்னு யோசிச்சுப் பாருங்க. பறவைக்கு அமைதி, வயலுக்கு உரம். ரெண்டு பக்கமும் கையெழுத்து போடாத ஒப்பந்தம்.

இது வேடந்தாங்கல்ல மட்டும் இல்ல. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துல மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டுப் பக்கத்து மரத்துலயே கூடு கட்டும். 1994ல அது சரணாலயம் ஆச்சு. ஆனா பறவை வந்தா அந்த வருஷம் நல்லா இருக்கும்ங்கிற நம்பிக்கை அதைவிட ரொம்பப் பழசு. சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டின கொள்ளுகுடிப்பட்டியில தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டாங்க. சின்னப் பசங்களும்தான். பத்து வயசுல வெடி வேண்டாம்னு சொல்றது எவ்வளவு பெரிய தியாகம்னு நமக்குத் தெரியாதா?

இப்போ எனக்குக் கவலை தர்ற பகுதிக்கு வர்றேன்.

2020ல வேடந்தாங்கல் சரணாலயத்தோட 5 கிலோமீட்டர் ஆரத்தை 3 கிலோமீட்டரா குறைக்க ஒரு முன்மொழிவு வந்தது. கேட்கிறப்ப 'ரெண்டு கிலோமீட்டர்தானே'ன்னு தோணும். கணக்குப் போடுங்க. வட்டத்தோட பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25ல 9தான் மிஞ்சும். கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு போயிடும். பறவை தூங்குற இடம் இருக்கும், சாப்பிடுற இடம் போயிடும். ஊர் மக்கள்ல இருந்து சென்னை இளைஞர்கள் வரைக்கும் கடுமையா எதிர்த்தாங்க. அந்தக் குறைப்பு நடக்கல.

ஆனா காகிதத்துல ஜெயிச்சா மட்டும் போதுமா? இன்னிக்கு உரம் கடையில கிடைக்குது. தண்ணி போர்வெல்ல வருது. ஏரித் தண்ணியை நம்பாத வயலுக்கு எச்சம் ஒரு பொருட்டில்ல. விவசாயமே வேண்டாம்னு வெளியூர் வேலைக்குப் போற தலைமுறைக்கு இன்னும் தூரம். அவங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்ல, நானும் அதே தலைமுறைதான். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்த ஒப்பந்தம் உயிரோட இருந்ததுக்குக் காரணம், பறவை என்ன கொடுக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சிருந்தது. அது மறந்துபோனா, மிஞ்சுறது போர்டு மட்டும்தான். போர்டைப் பார்த்து நான் கேட்ட மாதிரி, 'இது ரோடுதானே'ன்னு யாரும் கேட்டுடலாம்.

இதை என் வேலையில தினமும் பார்க்கிறேன். பழைய கோட்ல யாரோ எழுதின ஒரு வரி இருக்கும். எதுக்குன்னு தெரியாது. தேவையில்லன்னு தூக்குவோம். மூணு மாசம் கழிச்சு வேற எங்கயோ எல்லாம் உடையும்.

சென்னையில அப்படி நாம தூக்கின வரி பள்ளிக்கரணை. ஓ.எம்.ஆர்.ல என்னை மாதிரி ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிற கட்டடங்களுக்குப் பக்கத்துலயே இருக்கிற சதுப்பு நிலம். பூநாரை வந்து நிக்கிற இடம். ஒரு பக்கம் குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் கட்டடங்கள்னு அது சுருங்கிக்கிட்டே வந்தது. 2007லதான் அதுல ஒரு பகுதி காப்புக்காடா அறிவிக்கப்பட்டது. தென்சென்னையோட மழைத் தண்ணியை வாங்கி வெச்சுக்கிற பாத்திரம் அது. 2015 டிசம்பர் வெள்ளத்துல என் தெருவுல இடுப்பளவு தண்ணி நின்னப்பதான், அந்த நிலம் எனக்கு இத்தனை நாள் என்ன கொடுத்துக்கிட்டு இருந்ததுன்னு தெரிஞ்சது. வேடந்தாங்கல் விவசாயிக்கு இருநூறு வருஷம் முன்னாடியே தெரிஞ்ச கணக்கு, இன்ஜினீயரிங் படிச்ச எனக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்புறம்தான் புரிஞ்சது.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். 2015ல இருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்குது. பதினஞ்சு நிமிஷம் போதும். மொட்டை மாடியில நின்னு, கண்ணுல படுற பறவைகளை எண்ணி ஆன்லைன்ல பதிவு பண்ணணும். காக்கா, மைனா, புறா இருந்தாலும் சரி. பேர் தெரியலன்னா வீட்டுல பாட்டியைக் கேளுங்க. இல்ல, கீழ் வீட்டு வாட்ச்மேன் அண்ணனைக் கேளுங்க. நான் போன வருஷம் எண்ணினேன். ஏழு வகை. அதுல ரெண்டு பேரைச் சொல்லிக் கொடுத்தது அந்த அண்ணன்தான். அவர் ஊர்ல ஏரி இருந்ததாம்.

அந்த டீக்கடைப் பெரியவரை அப்புறம் நான் பார்க்கவே இல்ல. பார்த்தா ஒண்ணு சொல்லணும். ஐயா, போர்டு எங்க இருக்குன்னு இப்பல்லாம் நான் தேடுறதில்ல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.