மான் சுண்டெலி

வட அமெரிக்கக் காட்டெலிகளுள் மிகப் பரவலாகக் காணப்படும் ஒன்று. முதுகு பழுப்பு, வயிறும் பாதங்களும் வெள்ளை, வாலும் மேலே கறுத்துக் கீழே வெளுத்திருக்கும். மானின் நிறத்தை ஒத்ததால் இந்தப் பெயர். 1845இல் ஜெர்மானிய விலங்கியலாளர் வாக்னர், லாப்ரடாரில் கிடைத்த எலியைக் கொண்டு இதற்குப் பெரோமிஸ்கஸ் மேனிகுலேட்டஸ் என்ற அறிவியல் பெயர் அமைய வழிசெய்தார். மேனிகுலேட்டஸ் என்றால் சிறு கைகளை உடையது என்று பொருள்.

கனடாவின் ஊசியிலைக் காடு, நடுச் சமவெளிப் புல்வெளி, மொஹாவி பாலைவனம், கலிபோர்னியக் கடலோரத் தீவுகள், 4,300 மீட்டர் உயரத்துக் கொலராடோ மலைமுடி என இது வாழாத நிலம் குறைவு. காட்டில் வாழ்பவை மரமேறும். அவற்றின் வாலும் பாதமும் நீளம். புல்வெளியில் வாழ்பவற்றுக்கு வால் குட்டை. மலைமுடி எலிகளின் குருதிச் சிவப்பணு, தாழ்நிலத்து எலிகளுடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது.

ஒரே எலி ஊருக்கு ஊர் வேறாவது ஏன்? தட்பவெப்பம் உடலை மாற்றும், அந்த மாற்றம் சந்ததிக்கும் போகும் என்று நம்பியவர் விலங்கியலாளர் பிரான்சிஸ் சம்னர். 1913இல் தெற்குக் கலிபோர்னியக் கடலோரத்து லா ஹொயாவில் வேலையில் சேர்ந்தவர், பாலைவனத்து வெளிறிய எலிகளையும் வடகடலோர ரெட்வுட் காட்டுப் பகுதியின் கருத்த எலிகளையும் அங்கே கொண்டுவந்து வளர்த்தார். தலைமுறைகள் கடந்தன. பாலை எலியின் வாரிசுகள் வெளிறியே பிறந்தன, காட்டெலியின் வாரிசுகள் கருத்தே பிறந்தன. கடற்காற்று அவற்றை ஒன்றாக்கவில்லை. தம் நம்பிக்கைக்கு எதிராக வந்த இந்த முடிவைச் சம்னர் மறைக்காமல் ஏற்றார். இந்த எலியின் வரலாற்றில் போற்றத்தக்க பக்கம் இதுவே.

அப்படியானால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது எது? விடை நெப்ராஸ்காவில் கிடைத்தது. அங்குள்ள வெளிர் மணற்குன்றுகள் கடைசிப் பனியுகம் முடிந்த காலத்தில், ஏறத்தாழ 8,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன் உருவானவை. குன்றுகளின் எலிகள் வெளிர் நிறம். சுற்றியுள்ள கரிசல் மண்ணின் எலிகள் கருமை. 2009இல் ஆய்வாளர்கள் லின்னன், ஹோக்ஸ்ட்ரா குழுவினர் இந்த வேறுபாட்டை அகூட்டி என்ற மரபணுவில் கண்டனர். பிறகு இரு மண்ணிலும் வேலியடைத்து இரு நிற எலிகளையும் விட்டுப் பார்த்தபோது, மண்ணோடு நிறம் ஒத்தவையே அதிகம் பிழைத்தன. ஆந்தை போன்ற பறவைகளின் கண்ணுக்கு அவை எளிதில் தெரியவில்லை.

இத்தனை வேறுபாடுகள் இருப்பதால் இந்த எலியை வகைப்படுத்துவதும் மாறிவந்தது. 1909இல் விலங்கியலாளர் வில்ஃப்ரட் ஆஸ்குட், பலவாகச் சிதறிக் கிடந்த அதன் வடிவங்களைத் துணையினங்களாக்கி ஓரினத்தின்கீழ்த் தொகுத்தார். 2019இல் வெளியான மரபணு ஆய்வு அந்தத் தொகுப்பை மீண்டும் பிரித்தது. மேனிகுலேட்டஸ் என்ற பெயர் இன்று பெரும்பாலும் கிழக்கத்திய எலிகளுக்கே உரியது. மேற்கின் பெரும்பரப்பில் வாழ்பவை, சம்னர் வளர்த்த பாலை எலியின் துணையினப் பெயரான சோனோரியென்சிஸ் என்பதையே இனப்பெயராகக் கொண்டுள்ளன.