நகத்தளவில் ஒரு களஞ்சியம்

பெங்களூரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், ஊர்த் திருமணப் படங்கள் யாவும் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றினுள் அடங்கியிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அவற்றுட் பலவற்றின் மீது சான்டிஸ்க் என்னும் பெயர் காணப்படும். அந்நிறுவனத்தின் வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

1988-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஏலி ஹராரி, ஜாக் யுவான், சஞ்சய் மெஹ்ரோத்ரா ஆகிய மூவர் இதனைத் தொடங்கினர். மெஹ்ரோத்ரா கான்பூரிற் பிறந்தவர். மாணவப் பருவத்தில் அவருக்கு அமெரிக்க விசா மும்முறை மறுக்கப்பட்டது; தந்தையார் அதிகாரியிடம் நேரில் வாதாடியே அதனைப் பெற்றுத் தந்தார். அரசாங்க மறுப்புக் கடிதங்களை மொழிபெயர்த்தே நாட்களைக் கழிக்கும் நமக்கு இச்செய்தி தனியானதோர் உவகை தருகிறது.

மின்சாரம் நின்ற பின்னரும் படம் அழியாதிருப்பது எங்ஙனம்? சிலிக்கான் சில்லினுள், மின்சாரம் எளிதிற் கடவாத உறை சூழ்ந்த நுண்ணிய அறைகள் உள்ளன. அவற்றில் அடைபட்ட எலெக்ட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் வெளியேறுவதில்லை. ஃப்ளாஷ் எனப்படும் இம்முறையை 1980-களில் தோஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோகா கண்டறிந்தார். ஆயின், எழுதி அழிக்குந்தோறும் உறை தேயும். ஆகவே தேய்மானத்தை எல்லா அறைகளுக்கும் பங்கிட்டுப் பிழைகளையும் திருத்தும் கணக்கப்பிள்ளை போன்ற துணைச் சில்லு ஒன்று வேண்டியதாயிற்று. உறை நிரந்தரக் காவலன்று. பரணிற் போட்ட பழைய அட்டையை நம்பியிராமல், படங்களுக்கு மற்றொரு பிரதி எடுத்து வைப்பது நலம்.

1991-இல் இந்நிறுவனம் விற்ற ஃப்ளாஷ் சேமிப்புக் கருவியின் கொள்ளளவு 20 மெகாபைட். விலையோ ஏறத்தாழ 1,000 டாலர்! இன்றைய கைப்பேசிப் படங்கள் பத்துக்கூட அதில் அடங்குவது அரிது. டிஜிட்டல் காமிராக்கள் பெருகிய பின்னரே வாணிகம் செழித்தது. மாட்சுஷிடா, தோஷிபா ஆகியவற்றுடன் சேர்ந்து 1999-இல் அறிவித்த எஸ்.டி. கார்டு உலகெங்கும் பரவியது.

சில்லுகளை உருவாக்கும் பெரும் ஆலைகள் ஜப்பானின் யொக்கைச்சி நகரில் உள்ளன. பெங்களூரில் நடப்பது வடிவமைப்பும் மென்பொருட் பணியும். 2016-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் சான்டிஸ்கை விலைக்கு வாங்கியது. 2025 பிப்ரவரியில் அது மீண்டும் தனித்து நின்றது. முதலாளிகள் மாறினர், பெங்களூர் மேசைகளில் வேலை நிற்கவில்லை. அட்டையின் முதுகில் உற்பத்தி செய்த நாட்டின் பெயரை அச்சிடுகிறார்கள். வடிவமைத்த ஊரின் பெயருக்கு அங்கே இடமில்லை. அப்பணியிலுள்ள பிள்ளை எவரேனும் உங்கள் தெருவில் இருப்பின், பொங்கலன்று வீட்டிற்கு அழைத்து, அந்தக் கணக்கப்பிள்ளையின் கதையை விரிவாகக் கேட்டுப் பாருங்கள்.