அருணாசல மலையில் மரம் வளர்ப்பு

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் 1922-ஆம் ஆண்டு அருணாசல மலையின் தென்புற அடிவாரத்தில் உருவானது. பின்னர் அதைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. விறகு வெட்டுதல், மேய்ச்சல், கோடைத் தீ ஆகியவற்றால் 814 மீட்டர் உயரமுள்ள மலையின் பெரும்பகுதி மரமற்றுப் போனது. மழைநீர் மண்ணை அரித்தது.

1980களின் இறுதியில் அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம் தொடங்கப்பட்டு, நாற்றங்கால் அமைத்து மரங்களை நட்டது. கன்று நடுவது ஒரு பருவத்துச் செலவு. கன்றுகளைக் காப்பதும், கோடைக்கு முன் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு அமைப்பதும் ஆண்டுதோறும் தொடரும் செலவுகள். இவற்றுக்குப் பணம் ஒதுக்காவிட்டால், பல ஆண்டு உழைப்பை ஒரே தீ அழித்துவிடும்.

மலையில் வழிந்தோடும் நீரே ஆசிரமத்தையொட்டிய பாலி தீர்த்தத்துக்கு வருகிறது. எனவே மலைக்கான செலவு, அடிவாரக் குடியிருப்புகளின் நீருக்கான செலவும் ஆகும்.