சேவ்பாயிண்ட் வந்த கதை

ஒரு வெப் சர்வரை அப்கிரேடு செய்வது இன்றைக்குப் பெரிய விஷயமில்லை. புது இமேஜின் பெயரைக் கொடுத்தால் போதும், குபர்நெட்டீஸே பழைய பாட்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றிவிடும். ஸ்ட்ரீம் ப்ராசஸிங் ஜாபிடம் இந்த வித்தை பலிக்காது. கடந்த ஒரு மணி நேரத்தில் ஒரு கார்டில் எத்தனை முறை பணம் எடுத்தார்கள் என்கிற எண்ணிக்கை அதற்குள் ஸ்டேட்டாக உட்கார்ந்திருக்கும். வெறுங்கையோடு மறுபடி தொடங்கினால் கணக்கு போச்சு. பழையதும் புதியதும் சேர்ந்து ஓடினாலோ ஒரே எச்சரிக்கை இரண்டு தடவை போகும்.

இதற்கான விடையின் வேர் குபர்நெட்டீஸுக்கு ரொம்ப முன்னாலேயே இருக்கிறது. ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த மணி சாண்டியைப் பார்க்க லெஸ்லி லாம்போர்ட் போகிறார். (சாண்டி 1965ல் நம்ம ஐஐடி மெட்ராஸில் பி.டெக் முடித்தவர்.) பல கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதையும் நிறுத்தாமல், மொத்த அமைப்பின் நிலையையும் பதிவு செய்வது எப்படி? இரவுச் சாப்பாட்டின்போது சாண்டி கேட்கிறார். ஒயின் கொஞ்சம் கூடிப்போனதால் இருவருக்கும் அப்போது யோசிக்க ஓடவில்லையாம். மறுநாள் காலை குளிக்கும்போது லாம்போர்ட்டுக்கு விடை கிடைக்கிறது. சாண்டியின் அறைக்குப் போனால், அவர் அதே விடையோடு காத்திருக்கிறார்! லாம்போர்ட்டே எழுதிவைத்திருக்கும் கதை இது. 1985ல் அது ஆய்வுக்கட்டுரையாக வந்தது.

யோசனை எளிது. செய்திகளோடு செய்தியாக ஒரு அடையாளச் செய்தியை அனுப்பு. அது முதலில் வந்து சேர்ந்ததும் ஒவ்வொருவரும் தன் நிலையை எழுதிவைக்கட்டும். வழியில் இருக்கும் செய்திகளையும் சேர்த்து எழுதட்டும்.

பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2009ல் தொடங்கிய ஸ்ட்ராட்டோஸ்பியர் திட்டம், 2014ல் அப்பாச்சிக்கு வந்து ஃபிளிங்க் ஆனது. மேலே சொன்ன அடையாளச் செய்திதான் 2015ல் ஃபிளிங்க்கில் 'பேரியர்' ஆனது. ஒரு சின்ன மாற்றம்: பல வழிகளில் டேட்டா வரும் இடத்தில், எல்லா வழியிலும் பேரியர் வரும்வரை காத்திருப்பார்கள். அதனால் வழியில் இருப்பதை எழுத வேண்டாம். ஆனால் நெரிசல் வந்தால் பேரியரும் அதில் மாட்டிக்கொள்ளும். கடைசியில் 2020ல், 1.11 பதிப்பில், காத்திருக்காமல் வழியில் இருப்பதையும் எழுதிவைக்கும் வசதி வந்தது. சுற்றிச்சுற்றி 1985க்கே வந்துவிட்டார்கள்!

செக்பாயிண்ட் கோளாறுக்காகத் தானாக எடுப்பது. அப்கிரேடுக்காக நாமே கேட்டு எடுப்பது சேவ்பாயிண்ட். 2016 மார்ச்சில் 1.0 பதிப்போடு வந்தது. கன்டெய்னர்களுக்குப் போன பிறகும் பல இடங்களில் இதைக் கையால்தான் செய்தார்கள்: சேவ்பாயிண்ட் எடு, ஜாபை நிறுத்து, அது இருக்கும் பாதையை காப்பி செய், புது ஜாபுக்குக் கொடு. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பாதையில் ஓர் எழுத்து விட்டுப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

2022 ஜூனில் ஃபிளிங்க்கின் அதிகாரப்பூர்வக் குபர்நெட்டீஸ் ஆபரேட்டர் 1.0 வந்து இந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஜாபின் ஒவ்வொரு கணக்கீட்டுப் படிக்கும் ஃபிளிங்க்கில் ஆபரேட்டர் என்றே பெயர், யார் வைத்தார்களோ! அப்கிரேடுக்கு மூன்று வழி தருகிறது: ஸ்டேட்டே இல்லாமல், சேவ்பாயிண்ட்டோடு, கடைசி செக்பாயிண்ட்டிலிருந்து. ஜாப் நல்லபடி ஓடினால்தான் சேவ்பாயிண்ட் எடுக்க முடியும். அதுவே விழுந்து கிடக்கும்போது கைகொடுப்பது மூன்றாவது வழிதான்.

ஒன்றை மட்டும் எந்தக் கருவியும் நமக்காகச் செய்யாது. ஸ்டேட் வைத்திருக்கும் ஒவ்வொரு படிக்கும் கோடிலேயே நாம் ஒரு யூஐடி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஃபிளிங்க் ஜாபின் அமைப்பைப் பார்த்து, தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு ஃபில்டரைச் சேர்த்தாலே அது மாறிப்போகலாம். சேவ்பாயிண்ட் பத்திரமாக இருக்கும், அதில் எது யாருடையது என்று மட்டும் புது ஜாபுக்குத் தெரியாது.