ஒண்டுக்குடித்தனம்

காந்தம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மின்சாரத்தில் ஒரு பங்காளி உண்டு. பெயர் ஃபெர்ரோஎலக்ட்ரிக். காந்தத்துக்கு வடக்கு, தெற்கு மாதிரி இதற்கு பாசிட்டிவ், நெகட்டிவ். வோல்டேஜ் கொடுத்துத் திருப்பிவிட்டால், வோல்டேஜை எடுத்த பிறகும் திரும்பின நிலையிலேயே நிற்கும். 1920-ல் ஜோசப் வாலசெக் என்ற அமெரிக்கர் ரோஷெல் உப்பில் இதைக் கண்டுபிடித்தார். (பெயரில்தான் ஃபெர்ரோ, உப்பில் இரும்பு துளிக்கூடக் கிடையாது!)

இரண்டு குணமும் ஒரே பொருளில் இருந்தால் என்ன லாபம்? ஹார்ட் டிஸ்க்கில் ஒரு எழுத்தைப் பதிய காந்தத்தைத் திருப்ப வேண்டும். அதற்குக் கரண்ட் ஓட வேண்டும். கரண்ட் ஓடினால் சூடு, செலவு. வெறும் வோல்டேஜே காந்தத்தைத் திருப்பிவிட்டால் இரண்டும் வெகுவாகக் குறையும்.

1966-ல் ஜெனீவாவில் ஹான்ஸ் ஷ்மிட்டும் சகாக்களும் அப்படி ஒரு படிகத்தைக் காட்டினார்கள். நிக்கல் அயோடின் போராசைட். ஆனால் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே போனால்தான் அதற்கு இரண்டு குணமும் வரும்.

ஏன் இவ்வளவு அபூர்வம்? 2000-ல் நிக்கோலா ஹில் (இப்போது ஸ்பால்டின்) என்ற பெண்மணி இதே கேள்வியைத் தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். வழக்கமான ஃபெர்ரோஎலக்ட்ரிக் ஆக்ஸைடுகளில் நடுவில் இருக்கும் உலோக அணு ஒரு பக்கமாக நகர்கிறது. அதற்கு அந்த அணுவின் 'டி' அறைகளில் எலக்ட்ரான் இருக்கக் கூடாது. காந்தத்துக்கோ அதே அறைகளில் எலக்ட்ரான் குடியிருந்தே ஆகணும். வீடு காலியாகவும் இருக்கணும், குடித்தனமும் இருக்கணும் என்றால் எப்படி?

வழி, ஆளுக்கொரு போர்ஷன். பிஸ்மத் ஃபெரைட்டில் மின்சார வேலையை பிஸ்மத் பார்க்கிறது, காந்த வேலையை இரும்பு. 2003-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் இதை மெல்லிய படலமாக வளர்த்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த குழுவின் தலைவர் ராமமூர்த்தி ரமேஷ். நம்ம மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. படித்தவர். சாதாரண அறையிலேயே இரண்டு குணமும் இருந்தது. ஒரே குறை, பக்கத்துப் பக்கத்து இரும்பு அணுக்கள் எதிரெதிராக நிற்பதால் வெளியே தெரிகிற காந்தம் சொற்பம்.

அடுத்த தந்திரம் அடுக்குமாடி. 2016-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜூலியா மண்டி, டாரல் ஷ்லோம் குழுவினர் லுடேஷியம், இரும்பு, ஆக்ஸிஜன் மூன்றையும் வைத்துக் கட்டினார்கள். வெற்றிடத்தில் அணு ஆவியைப் பாய்ச்சி, ஒவ்வொரு வரிசையாக. ஃபெர்ரோஎலக்ட்ரிக்கான லுடேஷியம் ஃபெரைட் 9 அடுக்கு, நடுவில் கூடுதலாக ஒரே ஒரு இரும்பு ஆக்ஸைடு வரிசை. சேர்த்த இடம் காந்த ஜாதியாக மாறிவிடுகிறது. மேலும் கீழும் இருப்பவர்களின் நெளிவு அதையும் நெளிய வைப்பதால் மின்சார குணமும் ஒட்டிக்கொள்கிறது. நெளிந்ததில் இன்னொரு உபகாரம். எந்தப் பக்கம் திரும்புவது என்று இரும்பு அணுக்களுக்குள் இருந்த சண்டை தணிந்து, தனியாக இருந்தபோது மைனஸ் 33 டிகிரியிலேயே கலைந்துபோன காந்தம், இப்போது 8 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடித்தது.

கட்டுரைத் தலைப்பில் 'அறை வெப்பநிலை' என்றே போட்டார்கள். கார்னெல் இருக்கும் ஊரின் குளிருக்கு 8 டிகிரி அறையாக இருக்கலாம்! வோல்டேஜால் காந்தத்தை மாற்றிக் காட்டியது மட்டும் மைனஸ் 73-ல்.