நமட்ஜிரா, ஆல்பர்ட் (1902–1959)

நடு ஆஸ்திரேலியாவின் மலைத்தொடர்களையும் வறண்ட ஆற்றுப் படுகைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிய ஓவியர். அந்நாட்டுப் பழங்குடிக் கலைஞர்களுள் முதன்முதலில் நாடறிந்த புகழ் பெற்றவர். மேற்கு அரண்டா இனத்தைச் சேர்ந்த இவர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 125 கி.மீ. தொலைவில் உள்ள ஹெர்மன்ஸ்பர்க் மிஷனில் 1902 ஜூலை 28 அன்று பிறந்தார். ஜெர்மானிய லுத்தரன் சபையார் 1877இல் ஃபிங்க் ஆற்றங்கரையில் தொடங்கிய மிஷன் அது. இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் எலியா. 1905இல் ஞானஸ்நானம் பெற்றபோது ஆல்பர்ட் ஆனார். பதின்மூன்று வயதில் தம் இனத்துப் பெரியோரிடம் சென்று காட்டில் தங்கி, ஆண்மக்களுக்குரிய சடங்குகளையும் குலமரபையும் கற்றார். பதினெட்டு வயதளவில் மரபு விதிகளுக்குப் புறம்பாக இல்கலிட்டா என்ற பெண்ணை மணந்து மிஷனை விட்டு வெளியேறினார். 1923இல் மனைவி மக்களுடன் திரும்பினார். இல்கலிட்டா பின்னர் ரூபினா எனப் பெயர் பெற்றார். ஒட்டகம் ஓட்டுதல், மாடு மேய்த்தல், தச்சு, கொல்லுவேலை ஆகியன இவருடைய பிழைப்பாயின. முல்கா மரப் பலகைகளில் சூட்டுக்கோலால் உருவங்கள் பொறித்தும் விற்றார்.

1934இல் ரெக்ஸ் பாட்டர்பீ, ஜான் கார்ட்னர் என்ற இரு ஓவியர்கள் தங்கள் நிலக்காட்சி ஓவியங்களை மிஷன் மக்களுக்குக் காட்சிக்கு வைத்தனர். தாம் நாளும் நடந்து திரிந்த மலைகளை ஆல்பர்ட் தாளில் கண்டது அப்போதுதான். பாட்டர்பீ முதல் உலகப் போரில் படுகாயமுற்றுத் திரும்பியவர். 1936இல் அவர் மீண்டும் வந்தபோது, ஆல்பர்ட் அவருக்கு ஒட்டகக்காரராகவும் வழிகாட்டியாகவும் உடன் சென்றார். கூலிக்கு ஈடாக ஓவியம் கற்றுத்தர வேண்டும் என்பது ஏற்பாடு. பயணம் இரண்டு மாதம் நீடித்தது. பனைகள் வளரும் பாம் பள்ளத்தாக்கும் அவ்வழியில் இருந்தது. கழுவுவண்ணத்தை மெல்லிய படலங்களாக அடுக்குவது, தொலைவிலுள்ள மலையை நீலத்திலும் ஊதாவிலும் பின்தள்ளுவது, அண்மையிலுள்ள செம்மண்ணையும் பாறையையும் சூடான நிறங்களில் முன்னிறுத்துவது ஆகியவற்றை இவர் வியக்கத்தக்க விரைவில் கைக்கொண்டார். வண்ணத்தைப் பொறுத்தவரை இவருக்குத் தாம் கற்பிக்க மேலும் ஒன்றுமில்லை என்று பாட்டர்பீயே பதிவு செய்திருக்கிறார். இடங்களின் பெயரும் வழியும் கதையும் ஒட்டகக்காரருக்கே தெரிந்திருந்ததால், அப்பயணத்தில் இருவருமே ஆசிரியர்கள் என்று கொள்வதும் பொருந்தும்.

1938 டிசம்பரில் மெல்போர்னில் நடந்த முதல் தனிக்காட்சியில் வைக்கப்பட்ட 41 ஓவியங்களும் சில நாளில் விற்றுத் தீர்ந்தன. தொடக்கத்தில் 'ஆல்பர்ட்' என்று மட்டும் கையொப்பமிட்டவர், தந்தையின் பெயரான நமட்ஜிராவைச் சேர்த்துக்கொண்டார். 1939இல் தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடம் இவருடைய 'ஹாஸ்ட்ஸ் பிளஃப்' ஓவியத்தை வாங்கியது. சோண்டர் மலை, க்ளென் ஹெலன், ஃபிங்க் ஆறு ஆகியவற்றுக்கு இவர் திரும்பத் திரும்பச் சென்றார். பல ஓவியங்களில் வெண்பட்டைத் தைலமரம் ஒன்று முன்னணியில் நிற்கும். அதன் உச்சி படச்சட்டத்துக்கு வெளியே போய்விடும். முறுக்கேறிய அடிமரத்தின் கணுவும் வடுவும், ஒரு மனிதரின் உருவப்படத்துக்குரிய அக்கறையோடு தீட்டப்பட்டிருக்கும்.

இவ்வோவியங்களின் மதிப்பு குறித்து நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. ஐரோப்பிய பாணியைத் திறம்படப் பின்பற்றியவர் என்பதற்குமேல் சொல்ல மறுத்தோர் இவர் காலத்தில் பலர். அரண்டா மரபில் புனிதமான இடங்களையே இவர் தேர்ந்து தீட்டினார் என்றும், அந்நியர் ஏற்கும் வடிவில் தம் மண்ணின் உரிமையை எழுதிவைத்தார் என்றும் பிற்காலத்தவர் வாதிடுகின்றனர். மரங்களும் மலைகளும் இவருக்கு வெறும் காட்சிப்பொருள் அல்ல என்பதில் இரு சாராரும் பெரிதும் மாறுபடுவதில்லை.

புகழ் பெருகியும் உரிமை பெருகவில்லை. 1954இல் கான்பெராவில் இரண்டாம் எலிசபெத் அரசியிடம் அறிமுகப்படுத்தப்பட்டார். வில்லியம் டார்ஜி தீட்டிய இவருடைய உருவப்படம் 1956ஆம் ஆண்டுக்கான ஆர்ச்சிபால்ட் பரிசை வென்றது. ஆயினும் மேய்ச்சல் நிலம் குத்தகைக்குக் கேட்டபோதும், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட விரும்பியபோதும் இவருக்கு அனுமதி கிட்டவில்லை. வருமானத்தை உறவினரோடு பகிர்வது அரண்டா மரபின் கடமை. இவரை நம்பி அறுநூறு பேர்வரை வாழ்ந்தனர் என்று சொல்வதுண்டு.

1957இல் இவரும் ரூபினாவும் அரசின் பாதுகாவலுக்கு உட்பட்டோர் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டனர். இதனாலேயே இவரை 'முதல் பழங்குடிக் குடிமகன்' எனப் பல நூல்கள் குறிக்கின்றன. சட்டப்படி இது குடியுரிமை வழங்கல் அன்று, கட்டுப்பாடுகளிலிருந்து தரப்பட்ட விலக்கு என்பாரும் உளர். விலக்கின் பயனாக இவர் மது வாங்கலாம். ஆனால் பட்டியலில் இருந்த உறவினருக்குக் கொடுத்தால் குற்றம். பகிர்வதே அறம் எனக் கொண்ட ஒருவரைப் பகிர்ந்ததற்காகத் தண்டிக்கும் சட்டம் அது. 1958இல், உறவினரும் ஓவியருமான ஹெனக் ரபெரபாவுக்கு மது கிடைக்கச் செய்ததாக வழக்குத் தொடரப்பட்டு ஆறு மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மேல்முறையீட்டில் தண்டனை மூன்று மாதமாகக் குறைந்தது. பபுன்யா குடியிருப்பில் இரண்டு மாதம் காவலில் இருந்து 1959இல் விடுதலையானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 8 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில், இதயநோயுடன் நிமோனியாவும் சேர இறந்தார். சிறைவாசமே உயிரைக் குடித்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் உடல்நலக்குறைவு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

மகன்கள் ஈனோஸ், ஆஸ்கர், ஈவால்ட் முதலியோரும், பரெரூல்ட்ஜா சகோதரர்களும் ஹெர்மன்ஸ்பர்க் ஓவிய மரபைத் தொடர்ந்தனர். 1983இல் அரசின் பொது அறங்காவலர் ஆல்பர்ட்டின் ஓவியங்களின் பதிப்புரிமையை 8,500 டாலருக்குப் பதிப்பகம் ஒன்றுக்கு விற்றார். 2017இல் அது ஒரு டாலருக்குக் குடும்பத்தினரின் அறக்கட்டளைக்கு மீண்டது. இவர் தீட்டிய, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே நின்ற இரட்டை வெண்பட்டை மரங்கள் எரிந்துபோனதாக 2013 தொடக்கத்தில் தெரியவந்தது. தீ வைக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் உண்டு. கொள்ளுப்பேரன் வின்சென்ட் நமட்ஜிரா 2020இல் ஆர்ச்சிபால்ட் பரிசு பெற்றார். அப்பரிசை வென்ற முதல் பழங்குடி ஓவியர் அவரே.